செல்போன் இல்லாத இரண்டு மணி நேரம்... திருச்செந்தூரில் திகைப்பது பேரனா, தாத்தாவா?

திருச்செந்தூர் முருகன் கோயிலுக்குப் போய் வந்தவர்களிடம், "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம், கடல், நாழிக்கிணறு, இலை விபூதி என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். கடைசியில், "போனைத்தான் உள்ளே விட மாட்டேங்கிறாங்க!" என்று ஒரு வரி கட்டாயம் வரும். சிலர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிலருக்கு அது மனக்குறை. இன்னும் சிலர், "நிம்மதியா இருந்துச்சுங்க" என்று ஆச்சர்யத்தோடு சொல்வார்கள்.

தரிசன வரிசையில் நிற்பவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். வரிசை நகராமல் நின்றதும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். பை காலி. கை திரும்பி வரும். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் போகும். மூன்றாவது முறைதான் மூளைக்கு உறைக்கும். அதன் பிறகு முன்னால் நிற்பவரின் காவடியைப் பார்ப்பார்கள், தூணைப் பார்ப்பார்கள், பக்கத்தில் நிற்கும் குழந்தையிடம் பேர் கேட்பார்கள்.

பெரியவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. அவர்கள் வாழ்க்கையின் பெரும்பகுதி போன் இல்லாமல்தான் போனது. ஆனால், இருபதுகளில் இருப்பவர்களுக்கு இது வேறோர் ஊருக்குப் போன மாதிரி. பாஷை தெரியாத நாட்டில் இறங்கியவருக்கு வருமே ஒரு தடுமாற்றம், அதே தடுமாற்றம் சொந்த ஊர்க் கோயிலில் வருகிறது!

தடை வந்த கதை

இந்த மாற்றத்துக்குத் தொடக்கப்புள்ளியே திருச்செந்தூர்தான் என்பது பலருக்குத் தெரியாது. சந்நிதி வரை செல்போனோடு வந்து படமும் வீடியோவும் எடுக்கிறார்கள், இதைத் தடுக்க வேண்டும் என்று இந்தக் கோயிலின் அர்ச்சகர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல வழக்கு தொடர்ந்தார். 2022 நவம்பரில் திருச்செந்தூர் கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை வந்தது. அடுத்த மாதமே, தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றிலும் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி நீதிமன்றம் இந்து சமய அறநிலையத்துறைக்கு உத்தரவிட்டது. போன்களைப் பத்திரமாக வைத்துவிட்டுப் போக வெளியே பாதுகாப்பு இடம் இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் 2018-ல் நடந்த தீ விபத்துக்குப் பிறகு செல்போன் தடை வந்துவிட்டது. திருப்பதியிலும் குருவாயூரிலும் பக்தர்கள் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

இதில் ஒரு சுவாரஸ்யமும் இருக்கிறது. இந்தியாவில் கம்ப்யூட்டர் தொழில் வளர்ந்த கதையில் முக்கியமான பெயர், எச்.சி.எல். நிறுவனத்தை 1976-ல் தொடங்கியவர்களில் ஒருவரான ஷிவ் நாடார். அவர் பிறந்தது திருச்செந்தூர் பக்கத்திலுள்ள மூலைப்பொழி கிராமத்தில். சுமார் 300 கோடி ரூபாயில் திட்டமிடப்பட்ட திருச்செந்தூர் கோயில் பெருந்திட்டப் பணிகளில் பெரும்பங்கை ஏற்றதும் அந்த நிறுவனம்தான். 2025 ஜூலை 7-ம் தேதி கும்பாபிஷேகம் கண்ட கோயிலில், மின்னணு உலகில் சம்பாதித்த பணம் கட்டடமாக நிற்கிறது. மின்னணுக் கருவிக்கு மட்டும் உள்ளே இடமில்லை!

போனோடு போனது என்னென்ன?

போனை வெளியே வைத்த பிறகுதான், அதற்குள் நாம் என்னவெல்லாம் வைத்திருந்தோம் என்று தெரிகிறது.

முதலாவது, பணம். யு.பி.ஐ. வசதி 2016-ல் வந்தது. பத்தே ஆண்டுகளுக்குள் பர்ஸ் என்ற பொருளையே பலர் மறந்துவிட்டார்கள். டீக்கடையில், ஆட்டோவில், பூக்கடையில் எல்லாம் ஸ்கேன் செய்தே பழகியவர், கோயிலுக்குள் நுழைந்த பிறகுதான் உண்டியலில் போட ஒரு ரூபாய்கூட இல்லை என்பதைக் கவனிக்கிறார். கட்டண தரிசனச் சீட்டு வாங்க நினைத்தாலும், அர்ச்சனைத் தட்டில் போட நினைத்தாலும் கையில் எதுவும் இல்லை.

இரண்டாவது, நம்பர். கூட்டத்தில் மனைவியைக் காணோம். பக்கத்தில் இருக்கும் காவலரோ பணியாளரோ, "நம்பர் சொல்லுங்க, பேசிப் பார்க்கலாம்" என்கிறார். தெரியாது! தினமும் பத்து முறை பேசுகிற நம்பர், ஆனால் அது போனுக்குத்தான் தெரியும். போனை வைத்திருந்தவருக்குத் தெரியாது.

மூன்றாவது, நேரம். கைக்கடிகாரம் கட்டும் பழக்கம் போய் ரொம்ப நாளாயிற்று. உள்ளே போய் எவ்வளவு நேரமாயிற்று, ரயிலுக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அடுத்தவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. அடுத்தவரும் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்.

நான்காவது, சாட்சி. 'வந்தேன், நின்றேன், கும்பிட்டேன்' என்பதற்கு ஒரு படம் இல்லை. ஸ்டேட்டஸ் வைக்க ஒன்றும் இல்லை. படம் எடுக்காத தரிசனம் பாதி தரிசனம்தானோ என்றுகூடச் சிலருக்குத் தோன்றுகிறது. இந்த நான்கில் வெளியே சொல்ல வெட்கப்படுகிற குறை இதுதான்.

ஆச்சிகளின் நெட்வொர்க்

சரி, போன் வருவதற்கு முன்னால் இதே கூட்டத்தில் மக்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு நடந்தது 1995 ஜூலை 31-ல். அதற்கு முன்பே கந்த சஷ்டிக்கு லட்சக்கணக்கானவர்கள் இந்தக் கடற்கரைக்கு வந்து சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயில் வந்ததே 1923-ல்தான். அதற்கும் முன்பு வண்டி கட்டிக்கொண்டும் நடந்தும் வந்தார்கள்.

அவர்களிடம் ஒரு முறை இருந்தது. ஊரிலிருந்து கிளம்பும்போதே வீட்டுப் பெரியவர் சொல்லிவிடுவார், "யாராவது வழி தப்பினா அங்க இங்க அலையாதீங்க. நேரா நாழிக்கிணத்துக்கிட்ட வந்து நில்லுங்க." கோயிலை விட்டுத் தெற்கே கடற்கரை ஓரமாக நடந்தால் நாழிக்கிணறு வந்துவிடும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் ஊறும் கிணறு. தெரியாதவர் யாரும் இல்லை. யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் வேண்டும் என்றால் 9 நிலை ராஜகோபுரம் இருக்கவே இருக்கிறது. தொலைந்தவர் தேட மாட்டார், ஓரிடத்தில் நிற்பார். தேடுபவர் அங்கே வருவார். இரண்டு பேரும் சுற்றினால் சந்திக்கவே முடியாது என்ற கணக்கு அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருந்தது.

பணம் ஒரே இடத்தில் இருக்காது. கொஞ்சம் தாத்தாவின் மடியில், கொஞ்சம் ஆச்சியின் சுருக்குப் பையில், கொஞ்சம் மஞ்சள் பையின் அடியில். ஒன்று தொலைந்தாலும் ஊர் திரும்ப வழி இருக்கும். இன்றைக்குப் பணம், டிக்கெட், அடையாள அட்டை, மேப், விலாசம் எல்லாம் ஒரே கருவியில். அது தொலைந்தால் எல்லாம் தொலைந்தது.

குழந்தைகளுக்கும் ஒரு பாடம் இருந்தது. "உன் பேரு என்ன? அப்பா பேரு என்ன? எந்த ஊரு?" என்று பஸ்ஸிலேயே கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்ய வைத்திருப்பார்கள். அந்தப் பிள்ளை தொலைந்தால், மைக்கில் அறிவிக்கத் தேவையான அத்தனை தகவலும் அதன் வாயிலேயே இருக்கும். திருவிழா நாட்களில் மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிடும் அந்தக் குரல் இன்றும் ஓயவில்லை.

படம் வேண்டும் என்றால் ஸ்டுடியோ. குடும்பமாக நின்று ஒரே ஒரு படம். அது பிரின்ட் ஆகி வந்து, சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும். நாற்பது ஆண்டுகள் கழித்தும் அந்தப் படத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் போனில் எடுத்த நூறு படங்களில் எத்தனையை நாம் மறுபடி திறந்து பார்த்திருப்போம்?

அந்தக் காலம் அவ்வளவு இனிமையா?

இப்படியே எழுதிக்கொண்டு போனால், 'அந்தக் காலம் போல வருமா' என்று பெருமூச்சு விட்டு முடித்துவிடலாம். அது நியாயமில்லை.

போன் இல்லாத காலத்தில் வெளியூர் போனவர் வந்து சேர்ந்தாரா என்று தெரிய நாலு நாள் ஆகும். கடிதம் வர வேண்டும். டிரங்க் கால் போட்டுவிட்டு மணிக்கணக்கில் தபால் நிலையத்தில் காத்திருக்க வேண்டும். தந்தி வந்தால் படிப்பதற்கு முன்பே வீட்டில் அழுகைச் சத்தம் கேட்கும். ஏனென்றால், பல வீடுகளுக்குத் தந்தி என்றாலே சாவுச் செய்தி. 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றபோது ஏங்கியவர்கள் இருந்தார்கள். தந்திக்காரரைக் கண்டு நடுங்கியவர்கள் அதைவிட அதிகம்.

கடல் பக்கம் இது இன்னும் கடுமை. வீரபாண்டியன்பட்டினம், அமலிநகர், ஆலந்தலை, மணப்பாடு என்று திருச்செந்தூருக்கு வடக்கும் தெற்கும் மீனவர் ஊர்கள். காற்று மாறிய ராத்திரியில் கடலுக்குப் போனவர் திரும்புகிற வரைக்கும் கரையில் இருப்பவர்களுக்குத் தூக்கம் கிடையாது. விசாரிக்க நம்பர் கிடையாது. செய்தி என்றால் அது விடிந்த பிறகு கடலில் தெரிகிற படகுதான்.

இன்றைக்கும் அந்தக் கவலை முழுசாகத் தீரவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, பல நாள் தங்கி மீன் பிடிக்க ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. செல்போன் சிக்னல் கரையிலிருந்து கொஞ்ச தூரத்துக்குத்தான். அதைத் தாண்டியவர்களில் பலர் திரும்பவே இல்லை. இப்போது இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் உருவான டிரான்ஸ்பாண்டர் கருவிகள் மீன்பிடிப் படகுகளில் பொருத்தப்பட்டு வருகின்றன. அதே இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு, திருச்செந்தூருக்குத் தெற்கே இருக்கும் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. பனங்காடும் தேரி மணலுமாக இருக்கும் வட்டாரத்தில் ராக்கெட் தளம்! கருப்பட்டி காய்ச்சிய ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஆக, கடலில் இருப்பவருக்குச் சிக்னல் என்பது உயிர். கோயில் வரிசையில் நிற்பவருக்கு அது பழக்கம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

ஒரு கயிறும் ஒரு மச்சானும்

தூத்துக்குடிக் கடல் முத்துக்குளித்துறை என்று பேர் வாங்கிய கடல். அரசு மேற்பார்வையில் நடந்த முத்துக்குளிப்பு இங்கே 1961-ம் ஆண்டோடு நின்றுபோனது. அந்தத் தொழிலில் 'தொடர்பு' என்பது எப்படி இருந்தது தெரியுமா?

முத்துக்குளிப்பவர் கல்லின் கனத்தில் கடலுக்கு அடியில் இறங்குவார். மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பிகளை அள்ளிப் பையில் போடுவார். ஏறக்குறைய ஒரு நிமிடம். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கீழே இருப்பவர் கயிற்றை ஒரு முறை இழுத்தால், மேலே இருப்பவர் உடனே தூக்க வேண்டும். கொஞ்சம் கவனம் பிசகினாலும் கீழே இருப்பவர் உயிர் போய்விடும். அதனால்தான் கயிறு பிடிக்க மச்சானை நிறுத்துவார்கள் என்று கடலோரத்தில் சொல்வதுண்டு. தங்கச்சியின் தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் வேடிக்கை பார்க்க மாட்டான் அல்லவா?

அந்தக் கயிற்றில் வார்த்தை கிடையாது, படம் கிடையாது, எமோஜி கிடையாது. ஒரே ஓர் இழுப்புதான். ஆனால், மறுமுனையில் ஒருவர் முழுக் கவனத்தோடு இருந்தார்.

இன்று நம் வாட்ஸ்அப்பில் இருநூறு பேர், ஐந்நூறு பேர் இருக்கிறார்கள். அவசரத்துக்கு ஓர் இழுப்பு இழுத்தால், உடனே கவனிக்கும் ஆள் அதில் எத்தனை பேர்? போன் வந்ததால் கயிறுகள் கூடியிருக்கின்றன. பிடித்துக்கொண்டு நிற்கும் மச்சான்கள் கூடியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

வெள்ளத்தில் நின்ற ரயில்

இந்தக் கேள்விக்கு ஒரு விடை, 2023 டிசம்பரில் இதே மாவட்டத்தில் கிடைத்தது.

டிசம்பர் 17-ம் தேதி இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூருக்குச் செந்தூர் எக்ஸ்பிரஸ் கிளம்பியது. அன்று பெய்த மழை சாதாரண மழை இல்லை. பக்கத்திலிருக்கும் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. பல ஊர்களில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழை அது! ஸ்ரீவைகுண்டத்தோடு ரயில் நின்றுவிட்டது. அதற்கு மேல் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ரயிலை அங்கேயே நிறுத்தி வைத்ததால் பெரிய விபத்து தவிர்க்கப்பட்டது.

சுமார் 800 பயணிகள். அவர்களில் ஒரு பகுதியினர் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் ரயிலிலும் நிலையத்திலும் தங்கினார்கள். சுற்றிலும் தண்ணீர். கரன்ட் இல்லை. சிக்னல் இல்லை. சார்ஜ் தீரத் தீர போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. வீட்டில் இருப்பவர்களுக்கு இவர்கள் நிலை தெரியவில்லை, இவர்களுக்கு வெளியுலகம் தெரியவில்லை. கையில் யு.பி.ஐ. இருந்தாலும் வாங்கக் கடை இல்லை.

அப்போது வந்தவர்கள், பக்கத்திலிருந்த புதுக்குடி கிராமத்து மக்கள். அவர்கள் ஊரும் மழையில்தான் கிடந்தது. இருந்தும் அரிசியும் பருப்பும் சேர்த்து, கோயிலில் வைத்துச் சமைத்து, முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டார்கள். பிறகு ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்கள் வந்தன. 19-ம் தேதி மீட்புப் படையினர் பயணிகளை வெளியே கொண்டுவந்தார்கள். வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் அவர்கள் சென்னைக்குப் போனார்கள்.

இங்கேயும் ஒருபக்கமாகப் பேசக் கூடாது. போன் அணைவதற்கு முன் பயணிகள் அனுப்பிய செய்திகளும் வீடியோக்களும்தான் அவர்கள் சிக்கியிருப்பதை நாட்டுக்குச் சொல்லின. ஆனால், அந்தச் செய்தி உதவியாக மாறி வந்து சேரும் வரை பசியைத் தீர்த்தது நெட்வொர்க் இல்லை. அடுத்த தெருவில் இருந்த மனிதர்கள். பேரைக் கேட்காமல், ஊரைக் கேட்காமல் இலை போட்டவர்கள்.

உள்ளே பேரன், வெளியே தாத்தா

இப்போது மறுபடி கோயில் வாசலுக்கு வருவோம். போனை வைத்துவிட்டு உள்ளே போன பேரனுக்குத்தான் திகைப்பு என்று பார்த்தோம். தாத்தாவுக்குத் திகைப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. கோயிலுக்கு வெளியே!

ரயில் டிக்கெட் ஆன்லைனில். தங்கும் அறைக்கு முன்பதிவு ஆன்லைனில். பணம் கட்ட ஒரு சதுரக் கட்டம், அதை ஸ்கேன் செய்ய வேண்டும். பஸ் எப்போது வரும் என்று கேட்டால், "ஆப்ல பாருங்க" என்று பதில். ஓ.டி.பி. வரும், அதற்குள் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நேரம் முடிந்துபோகும். ஐம்பது வருஷமாக வந்து போகிற ஊர்தான். ஆனால், அதன் கதவுகளுக்கெல்லாம் புதுப் பூட்டு போட்ட மாதிரி இருக்கிறது. சாவி பேரன் கையில்.

பல வீடுகளில் இதற்காகத் தினமும் ஒரு சின்ன அவமானம் நடக்கிறது. "எத்தனை வாட்டி சொல்றது தாத்தா?", "இதுகூடத் தெரியாதா?" என்ற கேள்விகள். கேட்பவர் அடுத்த நிமிடமே மறந்துவிடுவார். கேட்டுக்கொண்டவர் மறப்பதில்லை. அடுத்த முறை அவர் கேட்கவே மாட்டார். தெரியாததைத் தெரிந்த மாதிரி அழுத்தி, யாரோ சொன்ன நம்பரை யாருக்கோ சொல்லி, பணத்தை இழந்த பெரியவர்கள் எத்தனை பேர்? 'கேட்டால் திட்டுவார்கள்' என்ற பயம், மோசடிக்காரர்களுக்குப் பெரிய உதவி.

கோயிலுக்குள் அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் நிலைமை தலைகீழ். பேரன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். தாத்தாவிடம் சில்லறை இருக்கிறது, கையில் கடிகாரம் இருக்கிறது, வீட்டு நம்பர் மனப்பாடமாக இருக்கிறது. பக்கத்தில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுத்து, அவர் எந்த ஊர், அந்த ஊரில் தனக்கு யாரைத் தெரியும் என்பதுவரை வந்துவிடுகிறார். வரிசை நகராதது அவருக்கு ஒரு பிரச்னையே இல்லை.

அந்த நேரத்தில் எந்தத் தாத்தாவும் பேரனைப் பார்த்து, "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்பதில்லை. "இந்தா, உண்டியல்ல போடு" என்று பத்து ரூபாயைக் கையில் வைக்கிறார். வெளியே வந்து லாக்கரில் போனை வாங்கிய பிறகு, பேரன் திருப்பித் தர வேண்டியது அந்தப் பத்து ரூபாயை அல்ல. அந்தப் பொறுமையை.

திருச்செந்தூருக்குக் கிளம்பும் முன்...

விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்:

* வீட்டில் இரண்டு பேருடைய செல்போன் நம்பரையாவது எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முடியாவிட்டால் சீட்டில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள். குழந்தைகளின் சட்டைப் பையில் கட்டாயம் இருக்கட்டும்.

* ரொக்கமாகக் கொஞ்சம் பணம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆளிடம் வைக்காமல் இரண்டு மூன்று பேரிடம் பிரித்துக் கொடுங்கள்.

* பிரிந்தால் எங்கே சந்திப்பது என்பதைக் கோயிலுக்குள் நுழைவதற்கு முன்பே பேசிவிடுங்கள். இடம் கோயிலுக்கு வெளியே, எல்லோருக்கும் தெரிந்த அடையாளமாக இருக்கட்டும். தொலைந்தவர் அங்கே போய் நிற்க வேண்டும், சுற்றக் கூடாது.

* போன்களை வைக்கும் இடத்தில் தரும் டோக்கனை ஒருவர் பொறுப்பில் வையுங்கள். அந்த ஆள் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

* சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் நீண்ட வரிசையில் நிற்பதற்கு முன் சாப்பாடு, மாத்திரை நேரத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். போனில் அலாரம் வைத்து மாத்திரை சாப்பிடுபவர்கள், அந்த நேரத்தில் போன் கையில் இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். யாராவது ஒருவர் கைக்கடிகாரம் கட்டிக்கொள்வது நல்லது.

* கடலில் குளிக்கும்போதும் பாறைப் பக்கம் நிற்கும்போதும் செல்ஃபிக்காகப் பின்னால் நகராதீர்கள். அங்கே போனுக்குத் தடை இல்லை. அலைக்கும் தடை இல்லை!

ஊருக்குப் போகிற திட்டம் இல்லாதவர்களுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. இன்று ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்காரும்போது வீட்டில் ஒரு போட்டி வைத்துப் பாருங்கள். போனைத் தொடாமல், யார் யாருடைய நம்பரை முழுசாகச் சொல்ல முடிகிறது என்று. தாத்தா ஜெயித்தால், அவருக்குப் பரிசாக யு.பி.ஐ.யில் பணம் அனுப்புவது எப்படி என்று நிதானமாகச் சொல்லிக்கொடுங்கள். எத்தனை முறை கேட்டாலும் சரி.